சீம்பாலும் கன்றின் காப்பும்

(கால்நடை வளர்க்கும் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கவேண்டியவை)

பசுவின் பால் சிறந்த உணவு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அதில் கொழுப்பும், சர்க்கரையும், புரதமும், சுண்ணாம்புச் சத்தும் அடங்கியுள்ளன என்று பள்ளிக்கூடப் புஸ்தகங்களும் போதிக்கின்றன. ஆயினும், பாலை உணவு என்று மாத்திரம் கொள்வது அதன் பெருமையில் பாதியை மறப்பதாகும். ஈன்ற தாயின் தேகத்திலுள்ள நோயெதிர்க்கும் சக்தியைக் குட்டியிடம் கொண்டு சேர்ப்பதும், குட்டியின் குடலை வளர்ப்பதும், தீய கிருமிகளை அடக்குவதும், தான் சுரக்கும் மடியையே காப்பதும் பாலின் தொழில்களாம். இவற்றை நம்மில் அநேகர் அறியாதிருத்தலால், பிழைக்கக்கூடிய கன்றுகள் வீணே மடிகின்றன. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பயன் தருமென்று கருதுகிறோம்.

நம் வட்டார வழக்கம்

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கங்களில் சாகுபடி பெரும்பாலும் மழையையும் கண்மாய், குளங்களையுமே நம்பியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவன கறவை மாடும் ஆடுமே. ஒரு கிடாரிக் கன்று இறந்தால், அந்த வீட்டார் இழப்பது அன்றைய ஒரு கன்றை மாத்திரமன்று. சில ஆண்டுகளில் கறவைக்கு வரவேண்டிய ஒரு பசுவையும், அதன் வயிற்றில் பிறக்கவேண்டிய கன்றுகளையும் இழக்கின்றனர்.

இப்பக்கத்துக் கிராமங்களில் மாத்திரமன்றித் தமிழ்நாட்டின் பல பாகங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. மாடு ஈன்றவுடன், நஞ்சுக்கொடி விழும்வரையில் கன்றை மடியில் விடாமல் தனியே கட்டிவைப்பர். கொடி விழுமுன் கன்று ஊட்டினால் கொடி உள்ளே தங்கிவிடும் என்றும், சீம்பால் கனத்தது, அதிகம் குடித்தால் கன்று கழியும் என்றும் பெரியோர் கூறுவர். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தபின்பே கன்றை அவிழ்க்கும் வீடுகளும் உண்டு. இதற்குள் அரை நாள் கழிந்துவிடும். இரவில் ஈன்றால் மறுநாள் உச்சிப்பொழுதும் ஆகிவிடும்.

இவ்வாறு கட்டிவைக்கப்பட்ட கன்று முதல் நாளில் நன்றாகவே தோன்றும், துள்ளியும் திரியும். பின்பு முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாள் அது வெண்மையாகவோ மஞ்சளாகவோ நீர்போலக் கழியத் தொடங்கும், கண் குழிவிழும், காது குளிரும், நிற்க மாட்டாமல் படுத்துவிடும். வேறு சில கன்றுகளுக்குத் தொப்புள் சீழ் பிடித்து, மூட்டுகள் வீங்கும். அப்பொழுது வீட்டார் கண்ணேறு என்றும், ஈன்ற நாள் சரியில்லை என்றும் வருந்துவர். காரணமோ பிறந்த முதல் சில மணி நேரத்தில் நிகழ்ந்தது. நாள் பல கடந்தமையால் அது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

கன்று காப்பின்றிப் பிறப்பது ஏன்?

நோய்க்கிருமி ஒன்று தேகத்தில் புகுந்தால், அதனை அடையாளங்கண்டு பற்றி அழிக்க உதவும் ஒருவகைப் புரதங்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. இவற்றை எதிர்ப்புரதங்கள் என்பர். சாஸ்திர நூல்களில் இம்யூனோகுளோபுலின் எனப்படும். வயது வந்த பசு தன் ஊரில், தன் தொழுவத்தில் எந்தெந்தக் கிருமிகளை எதிர்ப்பட்டதோ அவற்றிற்கெல்லாம் ஏற்ற எதிர்ப்புரதங்கள் அதன் இரத்தத்தில் உள்ளன.

மனித சிசு கருப்பையில் இருக்கும்பொழுதே தாயின் எதிர்ப்புரதங்களில் ஒரு பங்கை நஞ்சுக்கொடியின் வழியாகப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை ஆகிய பிராணிகளின் நஞ்சுக்கொடியோ அமைப்பில் வேறானது. தாயின் இரத்தத்திற்கும் கன்றின் இரத்தத்திற்கும் இடையே பல படலங்கள் தடித்து நிற்பதால், உணவுச் சத்துக்கள் கடந்து செல்லும். பருத்த எதிர்ப்புரதங்கள் கடப்பதில்லை. ஆகவே கன்று பிறக்கும்பொழுது அதன் இரத்தத்தில் எதிர்ப்புரதம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அது விழும் இடமோ சாணமும் மூத்திரமும் கலந்த தொழுவத்துத் தரை. அதன் தேகம் தானே போதிய எதிர்ப்புரதம் செய்துகொள்ளப் பல வாரங்கள் செல்லும்.

இந்தக் குறையை நிரப்புவதற்கென்றே இயற்கை சீம்பாலை அமைத்திருக்கிறது. ஈனுவதற்கு முந்திய சில வாரங்களில் பசுவின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புரதங்கள் மடியில் வந்து திரளுகின்றன. அவையே கடும்பு என்றும் சீம்பால் என்றும் நாம் சொல்லும் தடித்த மஞ்சள் நிறப் பாலில் இறங்குகின்றன.

பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குச் செல்லும் என்பதை ஜெர்மனி தேசத்து பால் எர்லிக் என்னும் அறிஞர் 1892-ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினார். எதிர்ப்புச் சக்தியுள்ள எலியிடம் வேறொரு தாயின் குட்டிகளை ஊட்டவிட்டபொழுது, அக்குட்டிகளுக்கும் அச்சக்தி உண்டாயிற்று. பின்பு 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தியோபால்ட் ஸ்மித், ரால்ப் லிட்டில் என்னும் இருவர் கன்றுகளிலேயே இதனைப் பரீக்ஷித்தனர். சீம்பால் பெற்ற கன்றுகள் பிழைக்க, சீம்பால் பெறாத கன்றுகளிற் பெரும்பாலானவை சில நாட்களில் மடிந்தன. தொழுவமும் பராமரிப்பும் ஒன்றாயிருந்தும் இவ்வேற்றுமை கண்டது. இந்த உண்மை வெளியாகி நூறாண்டுகள் கடந்தும் நம் தொழுவங்களில் இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை.

சீம்பாலின் கணக்கு

சாதாரணப் பசும்பால் 100 பங்கில் ஏறக்குறைய 87 பங்கு ஜலம். எஞ்சிய 13 பங்கே கெட்டிப் பொருள். முதற் கறவைச் சீம்பாலிலோ கெட்டிப் பொருள் 24 பங்குவரை உண்டு. புரதம் பாலில் 3 பங்குக்குச் சற்று அதிகம். சீம்பாலில் 14 பங்கு. எதிர்ப்புரதம் மாத்திரம் பிரித்துப் பார்த்தால், சீம்பாலில் 6 பங்கு; சாதாரணப் பாலில் ஒரு பங்கில் பத்திலொன்றும் இல்லை. இவை சீமை மாடுகளில் கண்ட சராசரி அளவுகள். மாட்டுக்கு மாடு வேறுபாடு உண்டெனினும், விகிதம் இத்தன்மையதே.

கவனிக்கவேண்டிய மற்றொன்று, இந்த அளவு எவ்வளவு விரைவில் குறைகிறது என்பது. முதற் கறவையில் 6 பங்காயிருந்த எதிர்ப்புரதம் இரண்டாம் கறவையில் ஏறக்குறைய 4 பங்காகவும், மூன்றாம் கறவையில் இரண்டரைப் பங்குக்கும் குறைவாகவும் இறங்குகிறது.

கன்று ஒன்றுக்கு முதல் நாளில் குறைந்தது 100 கிராம் எதிர்ப்புரதமாவது சேரவேண்டும் என்பது நிபுணர் கருத்து. 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு அதன் எடையில் பத்திலொரு பங்காகிய இரண்டரை லிட்டர் முதற் கறவைச் சீம்பால் கொடுத்தால், 150 கிராம் கிடைக்கும். அதே இரண்டரை லிட்டர் மூன்றாம் கறவையாயின், 60 கிராமே கிடைக்கும். சாதாரணப் பாலாயின் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். வயிறு மூன்று விதத்திலும் ஒரேமாதிரி நிரம்பும். கன்று மூன்று விதத்திலும் திருப்தியாகவே படுத்துறங்கும். ஆனால் முதலாவது கன்றுக்கே காப்பு உண்டு.

குடலின் வாயில் அடைபடும் நேரம்

அளவு சரியாயிருந்தாலும் காலம் தவறினால் பயனில்லை. பெரிய பிராணியின் குடல் புரதத்தைச் சிறு துண்டுகளாகச் செரித்த பின்பே உறிஞ்சும். அப்படிச் செரித்துவிட்டால் எதிர்ப்புரதம் வெறும் உணவாகிவிடும், காப்பாகாது. புதிதாய்ப் பிறந்த கன்றின் குடலுக்கு மாத்திரம், முழு எதிர்ப்புரதத்தையும் சிதைக்காமல் அப்படியே இரத்தத்திற்குள் ஏற்றும் விசேஷ சக்தி உண்டு. சீம்பாலும் இதற்கு ஒத்தாசை செய்கிறது: செரிக்கும் நொதியைத் தடுத்து நிறுத்தும் ஒரு பொருள் அதிலேயே கலந்திருக்கிறது.

இச்சக்தி பிறந்த முதல் மணி நேரங்களில் மிகுந்திருந்து, ஆறு மணி நேரத்திற்குப் பின் விரைவாகக் குன்றி, 24 மணி நேரத்தில் அநேகமாக முடிந்துவிடுகிறது. அதன்பின் குடம் குடமாய்ச் சீம்பால் ஊட்டினாலும் இரத்தத்தில் ஏறாது. எனினும் அது முற்றும் வீணாகாது. குடலுக்குள்ளேயே தங்கி, அங்கு வரும் கிருமிகளைத் தடுக்கும். ஆகையால் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து சீம்பால் கொடுப்பது நன்று. முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டதற்கு மாத்திரம் அது ஈடாகாது.

கொடி விழும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்கவேண்டியதில்லை என்பது மாத்திரமன்று. காத்திருப்பது கொடிக்கும் நன்மையன்று. கன்று காம்பைச் சப்பும்பொழுது பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோஸின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அதனாலேயே பால் இறங்குகிறது. அதே சுரப்பு கருப்பையையும் சுருங்கச் செய்யும் தன்மையது. கருப்பை சுருங்குவது கொடி கழலுவதற்கு உதவியேயன்றித் தடையன்று. ஆகவே கன்றை உடனே மடியில் விடுதல் தாய், கன்று இரண்டிற்கும் நலம்.

கொடி 12 மணி நேரம் கடந்தும் விழாவிடில், அதற்குக் காரணம் பால் ஊட்டியது அன்று. கஷ்டப்பிரசவம், காலத்திற்கு முந்திய ஈற்று, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, சில தொற்றுநோய்கள் முதலியவை காரணமாகலாம். அப்பொழுது கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுதலும், கையால் பிடித்து இழுத்தலும் பேராபத்து. கால்நடை வைத்தியரை அழைத்தலே முறை.

சீம்பால் கழிச்சல் உண்டாக்கும் என்பதிலும் சிறிது உண்மை உண்டு. அது இளக்கும் தன்மையது. கருவில் இருந்தபொழுதே கன்றின் குடலில் சேர்ந்துள்ள கரிய பிசினான மலத்தை வெளியேற்றுவதற்கே அத்தன்மை அமைந்திருக்கிறது. அம்மலம் வெளியேறுவதைக் கண்டு அஞ்சிச் சீம்பாலை நிறுத்துவது தகாது.

அடுப்பில் கட்டியாவது எது?

வெல்லமும் ஏலக்காயும் கூட்டிச் சீம்பாலைக் காய்ச்சினால் முட்டைபோலக் கட்டியாகும் என்பதைத் தாய்மார் அறிவர். சாதாரணப் பால் அவ்வாறு கட்டியாவதில்லை. வேற்றுமைக்குக் காரணம் யாது? சூட்டில் உறையும் புரதங்கள் சீம்பாலில் மிகுந்திருப்பதே. அவற்றுள் முதன்மையானது, நாம் இதுவரை பேசிவந்த எதிர்ப்புரதமே. அடுப்பில் கட்டியாகி நம் நாவிற்கு ருசிப்பது எதுவோ, அதுவே கன்றின் உயிர்க்காப்பு.

அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் சீம்பால் கொடுத்தனுப்புவது நம் மக்களின் நல்ல வழக்கம். அதை நிறுத்தச் சொல்வது எம் கருத்தன்று. கன்று தன் பங்கை முதலில் பெறட்டும். முதற் கறவை கன்றுக்கே உரியது. கன்று நிரம்பக் குடித்த பின் எஞ்சுவதையும், இரண்டாம் மூன்றாம் கறவைகளில் மிகுவதையும் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நல்ல கறவையுள்ள மாட்டில் இருவர்க்கும் போதிய அளவு இருக்கும்.

பாலின் மற்றப் பொருள்கள் செய்யும் தொழில்

எதிர்ப்புரதம் ஒன்றே பாலின் காவலாள் என்று எண்ணற்க. லாக்டோபெரின் என்னும் புரதம் இரும்புச் சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இரும்பின்றிப் பல கிருமிகள் பெருக மாட்டா. ஆகவே அவை பட்டினியால் அடங்கும். இது சாதாரணப் பாலில் சிறிதும், சீம்பாலில் அதிகமும் உண்டு. பசு வற்றியிருக்கும் காலத்திலும், மடிநோய் கண்ட காலத்திலும் மடியில் இதன் அளவு உயர்கிறது. இதனால் பால் மடியையும் காக்கிறது என்பது விளங்கும்.

கேசீன் என்னும் புரதம் சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரத்தையும் நுண்ணிய உருண்டைகளாகச் சுமந்து செல்லும். இல்லாவிடில் அவ்வளவு சுண்ணாம்பு பாலில் கரைந்து நில்லாது. கன்றின் நான்காம் வயிற்றில் கேசீன் தயிர்போல உறைந்து, சிறிது சிறிதாகச் செரிக்கும். கன்றுக்கு நெடுநேரம் பசி தாங்குவது இதனாலேயே. பாற்சர்க்கரை கன்றுக்குச் சக்தி தருவதோடு, மடிக்குள் ஜலத்தை இழுத்துப் பாலின் அளவை நிர்ணயிப்பதாகவும் உள்ளது. மடிநோயில் பாற்சர்க்கரை குறைந்து உப்பு ஏறுவதால்தான் பால் கரிக்கிறது. இவையன்றி, கன்றின் குடற்சுவரை விரைந்து வளரச் செய்யும் வளர்ச்சிப் பொருள்களும், தாயின் உயிருள்ள வெள்ளணுக்களும் சீம்பாலில் உண்டு. சீம்பாலின் மஞ்சள் நிறம் வைட்டமின் ஏ-க்கு மூலமாகிய கரோட்டின் என்னும் பொருளால் ஆயது. எருமை அதனை வைட்டமினாகவே மாற்றிவிடுவதால் அதன் பால் வெண்மையாயிருக்கிறது. வெளுத்திருப்பது கண்டு எருமைப் பாலைச் சத்துக் குறைவு என்று எண்ணவேண்டா.

உலகிலுள்ள பாலூட்டிகள் அனைத்தும் தத்தம் குட்டியின் நிலைமைக்கேற்பவே பாலை அமைத்துக்கொள்கின்றன. வட கடலின் பனிக்கட்டியில் ஈனும் ஒருவகைக் கடல்நாய், பாதிக்கு மேல் கொழுப்பாகிய பாலை நான்கு நாட்கள் மாத்திரம் ஊட்டிக் குட்டியை விட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கங்காரு இனத்தைச் சேர்ந்த வாலபி என்னும் பிராணி, வயது வேறுபட்ட இரு குட்டிகளுக்கு ஒரே காலத்தில் இரு காம்புகளில் இருவகைப் பால் சுரக்கிறது. அவ்வாறே பசுவும் முதல் நாட் கன்றுக்கு ஒன்றும், பத்தாம் நாட் கன்றுக்கு வேறொன்றும் சுரக்கிறது. முதல் நாட் பாலைப் பத்தாம் நாளில் வாங்கவும் முடியாது. பத்தாம் நாட் பாலால் முதல் நாளை ஈடுசெய்யவும் முடியாது.

மனித சிசுவுக்கும் ஒரு வார்த்தை

கால்நடைக்குச் சொன்னது வீட்டிற்கும் பொருந்தும். மனித சிசு இரத்தத்தில் ஓரளவு காப்புடன் பிறந்தாலும், அதன் குடலைக் காப்பது தாயின் சீம்பாலிலுள்ள மற்றொருவகை எதிர்ப்புரதமே. தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 15 கிராம்வரை ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள் உண்டு. அவற்றைச் சிசுவால் செரிக்க இயலாது. அவை சிசுவின் குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவாகி, தீய கிருமிகள் ஒட்டாமல் தடுக்கின்றன. பசும்பாலில் இவை மிகச் சொற்பம். 1989-ஆம் ஆண்டில் பம்பாய் சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி ஒன்று ஏற்படுத்தப்பட்டதும், குறைமாதக் குழந்தைகளுக்கு வேறு பால் ஈடாகாது என்பதாலேயே. பிறந்த சிசுவுக்குச் சேனை என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வைப்பதைவிட, முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுப்பதே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் போதனையாகும்.

குடியானவர் செய்யவேண்டுவன

1. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி, பசுவை வற்றவிடுக. சீம்பால் மடியில் திரள இந்த ஓய்வு அவசியம்.

2. சினை முற்றிய மாட்டை மணப்பாறை முதலிய சந்தைகளில் வாங்குவோர், ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கித் தம் தொழுவத்தில் கட்டுக. அப்பொழுதே நம் தொழுவத்துக் கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்புரதம் அதன் சீம்பாலில் சேரும்.

3. சினை மாட்டுக்குப் போடவேண்டிய தடுப்பூசிகளை வைத்தியர் யோசனைப்படி காலத்தில் போடுக. தாய்க்குப் போட்ட ஊசியின் பலன் சீம்பால் வழியாகக் கன்றுக்கும் உண்டு.

4. கன்று விழுந்ததும் மூக்கு, வாய்க் கோழையைத் துடைத்து, தொப்புளில் அயோடின் டிஞ்சர் தடவி, மடியையும் காம்புகளையும் வெந்நீரால் கழுவித் துடைத்து, உடனே கன்றை ஊட்டவிடுக. கொடிக்காகக் காத்திருக்கவேண்டா.

5. கன்றின் எடையில் பத்திலொரு பங்கு சீம்பாலில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்திற்குள்ளும், மீதியை ஆறு மணி நேரத்திற்குள்ளும் கொடுத்து முடிக்க. நாட்டுக் கன்று 18 அல்லது 20 கிலோவாயின் ஏறக்குறைய இரண்டு லிட்டர் போதும்.

6. எழுந்து ஊட்ட மாட்டாத கன்றுக்குக் கறந்த சூட்டோடு ரப்பர் காம்புள்ள புட்டியில் கொடுக்க. மூங்கில் குழலால் வாயில் ஊற்றினால் நுரையீரலில் இறங்கி ஆபத்தாகும்.

7. தாய் இறந்தாலும் மடி கெட்டாலும், அன்று ஈன்ற வேறு மாட்டின் சீம்பாலைக் கொடுக்க. முட்டையும் ஆமணக்கெண்ணெயும் பாலில் கலந்து கொடுப்பது உணவாகும், இளக்கவும் செய்யும், எதிர்ப்புரதத்தைத் தராது.

8. மிகுந்த முதற் கறவைச் சீம்பாலைச் சுத்தமான புட்டிகளில் நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. வேண்டும்பொழுது கை பொறுக்கும் வெந்நீரில் புட்டியை வைத்து இளக்குக. அடுப்பில் காய்ச்சினால் எதிர்ப்புரதம் அழியும்.

9. வெள்ளாடு, செம்மறிக் குட்டிகளுக்கும் இவையெல்லாம் ஒக்கும். இரட்டைக் குட்டியில் மெலிந்ததைத் தூக்கி மடியில் சேர்த்து, அது குடித்ததா என்று வயிற்றைத் தடவிப் பார்க்க.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், பால் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். கிராம சபை கூடும்பொழுது இதனை ஒருமுறை எடுத்துரைக்கலாம். உறைபெட்டியுள்ள ஒரு வீட்டிலோ சங்கத்திலோ ஊருக்குப் பொதுவாக நான்கைந்து புட்டி சீம்பால் சேமித்துவைத்தால், தாயற்ற கன்றுகளுக்கு நடுநிசியிலும் உதவும். கன்று இறந்த வீடுகளில், அது பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதன்முதல் ஊட்டியது என்று கேட்டறிவது நலம். அந்த ஒரு கேள்வியே பல வீடுகளில் காரணத்தைக் காட்டிவிடும்.

புதிய தீவனத்திற்கும், புதிய இனத்திற்கும், புதிய மருந்திற்கும் பணம் வேண்டும். இதற்குப் பணம் வேண்டா. நல்ல கறவையுள்ள மாட்டில் பால் நஷ்டமும் இல்லை. கன்று விழுந்த அந்த நேரத்தில் கயிற்றை அவிழ்த்து அதனை மடியில் விடவேண்டியதே. மேலும் விவரம் அறிய விரும்புவோர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.